கண்ணாடியின் முதுகுப் பக்கம்

வரவேற்புரையில் தன் பெயர் வரும் என்று சிகாமணிக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அது வந்தபோது கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்ம டிராயிங் மாஸ்டர் தெய்வசிகாமணி அண்ணாச்சி," என்று செயலாளர் பொன்னுலிங்கம் மைக்கைக் கடித்துவிடுகிறவர் போல வாயருகில் வைத்துக்கொண்டு முழங்கினார், "ரிட்டயர் ஆகி ஒம்பது வருசமாச்சு. ஆனா இந்தக் கண்காட்சிக்குன்னு பத்து நாளா வீடு வாசலை மறந்து உழைச்சிருக்காக. கடைசியில அவுகளுக்கு ஒரு பொன்னாடை இருக்கு. யாரும் பாதியில எந்திரிச்சுப் போயிராதீய." முன்வரிசைத் தலைகள் திரும்பிப் பார்த்தன. சிகாமணி சிரித்தார். இந்தச் சிரிப்பு எங்கேதான் குடியிருக்கிறதோ, கூப்பிட்டால் போதும், செருப்புகூடப் போடாமல் ஓடி வந்துவிடுகிறது. அழ வேண்டிய இடத்திலும் வரும், செத்த வீட்டிலும் வரும். இரண்டாம் வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார், ஆனாலும் சட்டைக் காலருக்குள் வேர்வை இறங்குகிறது. இந்தக் கூடம் முன்னே கூட்டுறவுச் சங்கத்தின் உரக் கிடங்கு. தெருக்காரர்கள் கூடி வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, மக்கள் கலைக்கூடம் என்று போர்டு மாட்டி நாலு வருசம் ஆகிறது, இன்னும் மழைக்காலத்தில் யூரியா வாடை போகவில்லை. இன்றைக்கு மழை இல்லை, பாளையங்கோட்டை வெயில், இருந்தும் அவருக்கு மட்டும் அந்த வாடை வருகிறது. மேற்கு ஜன்னலில் தொங்கவிட்டிருக்கும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் வழியே சாய்ந்த வெயில் இறங்கி, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் ரிட்டயர்டு கல்லூரி முதல்வர் அம்மாவின் வெள்ளைச் சேலையில் சிவப்பும் நீலமுமாக ஒட்டிக்கிடக்கிறது. எத்தனை அழகு. அழகைப் பார்க்கிற யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று நினைத்தார், நினைத்த உடனே, ஓகோ, இப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் வேறயா, என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. எங்கே பார்த்தாலும் சரி, எதிர்ச் சுவரின் நடுவில் மட்டும் பார்க்கக் கூடாது. அங்கேதான் ஜெபமலர் வரைந்த கண்ணாடி ஓவியம் தொங்குகிறது. பார்க்கக் கூடாது என்று கழுத்தைத் திருப்பித் திருப்பி இப்போது பிடரியே வலிக்கிறது.

நடந்தது என்ன? நாலு வரியில் சொல்லிவிடலாம், அவரும் காலையிலிருந்து, இல்லை இல்லை, மத்தியானத்திலிருந்து, மனசுக்குள் நாலு வரியாகச் சொல்லித்தான் பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வரியில் வண்டி நின்றுவிடுகிறது. முதல் வரி, எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஒரு மணி இருக்கும். திறப்புவிழா அன்றைக்குக் கண்ணாடிகளையெல்லாம் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்துவைப்பது அவர் பொறுப்பு, யாரும் கொடுத்த பொறுப்பு இல்லை, அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. இரண்டாவது வரி, ஜெபமலரின் 'உலை' மட்டும் சுவரில் ஏறாமல், முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் சாய்ந்திருந்தது. பின்னால் அட்டை அடித்து மூட அவள் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். முதுகெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் ஒரு படலம். ஃபிரேம் கடைக்காரன் துடைக்காமல் அனுப்பிவிட்டான் என்று நினைத்தாராம். நினைத்தாராம்! முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணாடி ஓவியத்துல முதுகுதாம்ல முகம், வரையறது பின்னால, பாக்கறது முன்னால, முதல்ல மூக்கு முழி, கடைசியிலதான் வானம்," என்று தொண்டை கிழியச் சொன்ன மனுசன். போன ஞாயிற்றுக்கிழமைகூட இதே கூடத்தில் பத்துப் பேரை நிற்கவைத்து இதையேதான் சொன்னார். அப்படிப்பட்டவர் ஒரு கண்ணாடி ஓவியத்தின் முதுகை அழுக்கு என்று நினைத்தார் என்றால் கேட்கிறவன் கேணையன் இல்லை. ஆனால் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார், அது சத்தியம், கண்ணுக்கு முன்னால் தூசியாகத்தான் தெரிந்தது, கை தன் பாட்டுக்குத் துணியை நனைத்தது, இடமிருந்து வலமாக லேசாக ஒரு இழுப்பு இழுத்தது. துணியில் அடுப்புக்கரி போல வந்தது. சாயத்தில் கலக்கிற கோந்தின் வாடை அடித்தது. கோந்து வாடை! எந்த அழுக்கு கோந்து வாடை அடிக்கும்? அந்த இழுப்பின் ஓரத்தில், சாம்பலுக்குள் ஒரு மூக்கும் பாதிக் கண்ணும் தெரிந்தன. அப்போதுதான் விளங்கியது. அது உலையிலிருந்து எழும்புகிற ஆவி. முன்னால், தண்ணீரில் கரையாத எனாமலில் ஒரு பொம்பளை அடுப்படியில் நிற்கிறாள், அவளைச் சுற்றி இந்த ஆவி, ஆவிக்குள்ளே சோற்றுக்குக் காத்திருக்கிற முகங்கள், மாமியாரோ புருசனோ பிள்ளைகளோ, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, மேலே மேலே தண்ணீர்ச் சாயம் பூசிப் பூசி, எத்தனை நாள் பூசினாளோ. வார்னிஷ் அடித்தால் ஆவி மினுங்கிவிடும் என்றுதான் அடிக்காமல் வைத்திருக்கிறாள். எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. வண்டி நிற்கிற மூன்றாவது வரி இதுதான். விளங்கிய பிறகு, கை இன்னொரு தடவை துடைத்தது.

ஏன் துடைத்தது? பொன்னுலிங்கம் இப்போது குத்துவிளக்கு ஏற்ற எல்லாரையும் மேடைக்குக் கூப்பிடுகிறார், முதல்வர் அம்மா செருப்பைக் கழற்றுகிறார், தீக்குச்சி இரண்டு தடவை அணைந்துபோகிறது, யாரோ "ஃபேனை நிறுத்துங்கப்பா" என்கிறார்கள். ஃபேன் நின்றதும் காதுக்குள் இரைச்சல் கூடுகிறது. முதல் தடவை துடைத்தது தெரியாமல். சரி, வயசு அறுபத்தேழு, கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது, தெரியாமல். இரண்டாவது? பாதி துடைத்தது அசிங்கமாகத் தெரியுமே, சமப்படுத்திவிடலாம் என்று. இது ஒரு பதில். இந்தப் பதிலைத்தான் மத்தியானத்திலிருந்து தூக்கி நிறுத்துகிறார், அது காலில்லாத நாற்காலி மாதிரி சரிந்து சரிந்து விழுகிறது. ஏனென்றால் இரண்டாவது தடவை கை மெதுவாகப் போகவில்லை, அழுத்திப் போனது. அந்த மூக்கு அத்தனை நன்றாக இருந்தது, அதுதான் விஷயம். யாரிடமும் படிக்காதவள். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். சாயத்தை மெலிசாக விட்டே ஒரு மூக்கைக் கொண்டுவந்திருக்கிறாள், இவர் தாமிரபரணியில் மாலை நேரத்தை எட்டடிக்கு ஆறடியில் வரைந்தும் ஆறு வரவில்லை, தண்ணீர் வந்தது, ஆறு வரவில்லை. அதைக் கொண்டுபோய் நடையில் குடிதண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறவன் கையை உதறினால் படத்தில் தெறிக்கும். இவளுடையதற்கு நடுச் சுவர். பொறாமையா? சேச்சே. பொறாமைப்படுகிற ஆளா சிகாமணி? பத்து நாளாக இவளுடைய படத்துக்கும் சேர்த்துத்தானே ஆணி அடித்தார். ஆணி அடித்தவன் பொறாமைப்பட மாட்டான் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? விளக்கு எரிந்துவிட்டது. கை தட்டுகிறார்கள், அவரும் தட்டினார். தட்டுகிற கையைப் பார்த்தார். இந்தக் கைதான்.

துணியை எங்கே அலசினார் என்பது அதைவிடக் கேவலம். பக்கத்தில் நடையில் மாடத்தி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயசிருக்கும், கூடம் திறந்த நாளிலிருந்து பெருக்கித் துடைக்கிறவள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கிறவள். அவள் வாளி கதவோரம் இருந்தது. அதில் முக்கி இரண்டு பிழி பிழிந்தார். நிமிர்ந்தால் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்ன சார், நான் அலசித் தாரேன், குடுங்க," என்றாள். "வேண்டாம்மா," என்றார். அவ்வளவுதான் பேச்சு. மூன்று மணிக்கு ஜெபமலர் வந்து கண்ணாடியைத் தூக்கினாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை மடியில் வைத்து, விரலால் காற்றில் தடவிக்கொண்டே, தனக்குத்தானே சொன்னாள்: "ரெண்டு தடவை தொடச்சிருக்கு. மொதல்ல லேசா. பெறவு அழுத்தி." சிகாமணிக்குத் தேள் கொட்டிய திருடன் கதைதான், கத்தவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. பொன்னுலிங்கம் ஓடி வந்தார். "எவம்ல கண்ணாடியைத் தொட்டது?" அந்த இடத்தில் ஒரு மௌனம் விழுந்ததே, எவ்வளவு நேரம் இருக்கும், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம், அதற்குள் ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த நாற்காலியில் மனுசனாக உட்கார்ந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் எத்தனை பையன்களை நிற்கவைத்துக் கேட்டிருப்பார், யார் செஞ்சதுன்னு சொல்லிரு, அடிக்க மாட்டேன் என்று. எவனாவது நம்பி எழுந்தால் அடிப்பார். பொன்னுலிங்கத்தின் கண் சுற்றிச் சுற்றி, இன்னும் கொட்டாமல் கிடந்த வாளியில் போய் நின்றது. "இந்தா, சாம்பல் தண்ணி! மாடத்தி, நீதானா?" "நான் தரையத்தான் சார் தொடச்சேன். கண்ணாடிப் பக்கமே போகல." "அப்ப வாளியில இது என்ன, பாயாசமா?" மாடத்தி வாளியைப் பார்த்தாள். பிறகு சிகாமணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, நீங்களே சொல்லுங்களேன் என்கிற மாதிரி ஒரு காத்திருப்பு. அப்போது வாயைத் திறந்தார். திறந்து என்ன சொன்னார் தெரியுமா? "விடுங்க பொன்னுலிங்கம். பாவம், தெரியாம செஞ்சிருப்பா." ஐயோ. சும்மா இருந்திருந்தால்கூடக் கோழை என்று போயிருக்கும். மன்னித்து வேறு தொலைத்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே பாவம் செய்தவனே பழியைக் கொண்டுபோய் இன்னொருத்தி இடுப்பில் ஏற்றிவிட்டு, பார்த்துத் தூக்கும்மா என்று உபசாரமும் சொன்னான். மாடத்தி அதற்கப்புறம் யாரையும் பார்க்கவில்லை. "இன்னைக்கு ஃபங்சனை முடிச்சிட்டுக் கெளம்பு. நாளையிலருந்து வர வேண்டாம்," என்றார் பொன்னுலிங்கம். அழைப்பிதழில் பெயர் அச்சாகிவிட்டது, நடுச் சுவர் காலியாக இருந்தால் நன்றாக இராது என்று கண்ணாடியை அப்படியே மாட்டினார்கள். இப்போது பார்த்தார். பார்த்துவிட்டார். எனாமல் பொம்பளை மட்டும் கையில் அகப்பையோடு நிற்கிறாள், சுற்றி ஒருத்தரும் இல்லை, பின்னால் கூடத்துச் சுண்ணாம்புச் சுவர் தெரிகிறது.

முதல்வர் அம்மா பேசுகிறார். நல்ல குரல், கணீர் என்று. கண்ணாடியில் வரைகிறவன் அழிக்க முடியாது, முதலில் போடுகிற கோடு கடைசிவரை முன்னால் நிற்கும் என்கிறார். சிகாமணி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார், தன்னைத்தான் சொல்கிறாரோ, இல்லை, பொதுவாகச் சொல்கிறார், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்றால் இப்படியா குறுகுறுக்கும். மாடத்தி தட்டில் காப்பி கொண்டு வருகிறாள். வரிசை வரிசையாகக் குனிந்து கொடுத்துக்கொண்டு வருகிறாள். இவரிடம் வரும்போது ஏதாவது சொல்வாளோ? எல்லார் முன்னிலையிலும், ஏன் சார் இப்படிப் பண்ணினிய, என்று ஒரு வார்த்தை கேட்டால்? கேட்கட்டும். கேட்டால் நல்லது. கேட்டுவிடு தாயி, என்று ஒரு மனசு கெஞ்சுகிறது, இன்னொரு மனசு நாற்காலிக்கு அடியில் ஒளிய இடம் தேடுகிறது. வந்தாள். காப்பியை நீட்டினாள். "சீனி கம்மியாத்தான் போட்டிருக்கு சார்," என்றாள். அவருக்குச் சர்க்கரை என்று நாலு வருசமாக நினைவு வைத்திருக்கிறாள். ஒரு மடக்கு குடித்தார், தம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தார். ஏன் சொல்லவில்லை அவள்? பார்த்தவள்தானே. நல்ல மனசா? பயமா? இல்லை, இவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிற அலுப்பா? அவளுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுத்துவிடலாம், தங்கச்சி வீட்டில் ஆள் தேடுகிறார்கள், இதைவிட நல்ல இடம், இரண்டு வேளை சாப்பாடு, ஒருவகையில் அவளுக்கு இது நல்லதுதான் என்று மனசு கடகடவென்று ஒரு வீடே கட்டிவிட்டது. கட்டி முடித்து உள்ளே போய்ப் பார்த்தால் அங்கேயும் மாடத்தி வாளியோடு நின்று, நீங்களே சொல்லுங்களேன் என்று பார்க்கிறாள். கடைசி வரிசையில் ஜெபமலர். மருந்துக் கடையிலிருந்து அப்படியே வந்த சேலை. அவள் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை, தன் கண்ணாடியையும் பார்க்கவில்லை, கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது, நாளைக்கு இந்தத் தெருவில் நடக்க முடியாது, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் நடக்க முடியாது. பொன்னாடை போர்த்தும்போது மைக் கொடுப்பார்கள். அப்போது சொல்லிவிடலாம். இரண்டு தடவையும். முதல் தடவை தெரியாமல், இரண்டாவது தடவை தெரிந்து. அப்படியே சொல்லிவிடலாம். முடிவெடுத்ததும் உடம்பு கொஞ்சம் லேசானது, அந்த லேசைப் பார்த்தும் வெட்கமாக இருந்தது.

"அண்ணாச்சி, மேடைக்கு வாங்க!" எழுந்தார். மேடை என்றால் ஒரு படிதான், அதில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. முதல்வர் அம்மா பொன்னாடையைப் பிரித்து, காலர் மேலே போர்த்தினார், சரிகை பிடரியில் குத்தியது, போட்டோ எடுத்தார்கள், மறுபடியும் அந்தச் சிரிப்பு ஓடி வந்தது. மைக்கை வாங்கிக்கொண்டார். "நான் பேச்சாளி இல்ல," என்றார். எல்லாரும் சிரித்தார்கள், ஏன் சிரித்தார்கள் என்று விளங்கவில்லை. "ஒண்ணு சொல்லணும். ஜெபமலரோட கண்ணாடி இன்னைக்குக் கெட்டுப்போச்சு. மாடத்திதான் தொடச்சான்னு சொல்லி வேலைய விட்டு நிறுத்தியாச்சு. அது அவ இல்ல. நான்தான். நான்தான் தெரியாம தொடச்சிட்டேன்." சொல்லிவிட்டார். தெரியாம. அந்தச் சொல் கேட்காமலேயே முன்னால் வந்து நின்றுகொண்டது, இனி இரண்டாவது தடவைக்கு இடமில்லை. சொல்ல வேண்டும், இதோ, அடுத்த மூச்சில் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் ஜெபமலர் தலையைத் தூக்கினாள். பொன்னுலிங்கத்தின் முகம் முதலில் சுருங்கியது. பிறகு கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு வந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். "பாத்தீயளா? இதுதான்யா அண்ணாச்சி! ஒரு ஏழைப் பொம்பளைக்கு வேலை போயிரக்கூடாதுன்னு, இத்தனை பேர் முன்னால பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதாக! நாமெல்லாம் படம் வரைஞ்சிரலாம், இந்த மனசு வருமா?" முதல்வர் அம்மா கை தட்ட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து முன்வரிசை, பிறகு எல்லாரும்.

"இல்ல, பொன்னுலிங்கம், நெசமாவே," என்றார் சிகாமணி. மைக் இல்லாமல் அது பக்கத்தில் நின்ற குத்துவிளக்குக்குக்கூடக் கேட்டிருக்காது. "பேசாதீய அண்ணாச்சி, போதும், எங்களை அழ வைக்காதீய," என்று பொன்னுலிங்கம் அவர் தோளைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டவரின் வியர்வை வாடையும், பொன்னாடையின் புதுத்துணி வாடையும், அதற்கு மேல் தீராத அந்த யூரியா வாடையும். சத்தம் போட்டுச் சொல்லலாம். இப்போதுகூடச் சொல்லலாம். கையை உயர்த்தி, நிறுத்துங்கள், முதல் தடவை தெரியாமல், இரண்டாவது தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, என்று. கை தட்டுகிற அத்தனை முகங்களும் அவரை எவ்வளவு பிரியமாகப் பார்க்கின்றன, முப்பது வருசத்தில் ஒரு வகுப்பும் அவரை இப்படிப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டு ஒரு நொடி நின்றார், இன்னும் ஒரு நொடி நின்றார். ஜெபமலர் மட்டும் தட்டவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே போனாள். "மாடத்தி! எங்க மாடத்தி? வா இங்க," என்று பொன்னுலிங்கம் மைக்கில் கூப்பிட்டார். நடைவாசலில் காலித் தம்ளர்களோடு நின்றவளை யாரோ முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்கள். ஒரு படி ஏறி வந்தாள். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் தரையில் வைத்தாள். "நாளைக்கு வழக்கம்போல வந்திரு. எல்லாம் சாரோட மனசு. சாருக்கு ஒரு நன்றி சொல்லும்மா." மாடத்தி சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சிகாமணியை நேராகப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு கேலியைத் தேடினார், ஒரு வெறுப்பைத் தேடினார், கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது தப்பித்துவிடலாம். ஒன்றும் இல்லை. நாளைக்கு வேலை இருக்கிறது என்கிற நிம்மதிதான் இருந்தது. இரண்டு கையையும் கூப்பினாள்.

"ரொம்ப நன்றி சார்," என்றாள்.

பொன்னுலிங்கம் மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினார்.

"பரவாயில்லம்மா," என்றார் சிகாமணி.